பாட்டிக்கு ரெண்டு பேட்டரி

மாடியில் சோலார் போடணும்னு அப்பா கிளம்பினார். கடைக்காரர் "3 கிலோவாட் ஆன்-கிரிட் போடுங்க சார், 78,000 ரூபாய் மானியம்" என்றார். 2024-ல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் அந்த மானியம் உண்மைதான். ஆனா எனக்கு ஒரு சந்தேகம். ராத்திரி கரண்ட் போனா பாட்டியோட ஆக்சிஜன் மெஷின் ஓடுமா?

ஓடாது! பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் இன்வெர்ட்டர், கரண்ட் போனால் பட்டப்பகலில்கூட தானே நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாதே, அதற்காக.

நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். மெஷின் 350 வாட், ஃபேன் 75, லைட் 10. ஆக 435. எங்க ஊர் கரண்ட் கட்டுக்கு மூணு மணி நேரம் தாங்கினால் போதும்: 1,305 வாட்-ஹவர். இன்வெர்ட்டர் நஷ்டத்தோடு சுமார் 1,550. 12 வோல்ட், 150 ஏ.எச். பேட்டரியில் 1,800 இருக்கும். ஆனால் லெட் ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுசு குறையும். அப்போ ஒன்றுக்கு 900. ரெண்டு வேணும்.

காசு? எங்க பில் ரெண்டு மாசத்துக்கு 400 யூனிட். ஒரு கிலோவாட் பேனல் நம்ம வெயிலில் தினம் சுமார் 4 யூனிட் தரும். 2 கிலோவாட் போட்டாலே 60 நாளில் 480! மானியம் 60,000. மூணாவது கிலோவாட்டுக்கு வைத்திருந்த பணத்தில் தனியாக ஒரு இன்வெர்ட்டரும் ரெண்டு பேட்டரியும் வாங்கினோம்.

போன வாரம் நடுராத்திரி கரண்ட் போச்சு. மெஷின் சத்தம் நிக்கலை. பாட்டி புரண்டுகூடப் படுக்கலை. அப்பாதான் எழுந்து வந்து பார்த்துட்டு, ஒண்ணும் சொல்லாம போய்ப் படுத்தார்.

நீங்களும் கடைக்குப் போகுமுன் கரண்ட் பில்லை எடுத்துப் பாருங்க.