கூட்டாளி போட்ட கையெழுத்து

ஓடாத வெப் சீரிஸுக்கு யாரும் சொந்தம் கொண்டாடுவதில்லை. அதனால் அதை எடுத்த பிள்ளைகள் வக்கீலைத் தேடி வருவது தொடர் ஓடிய பிறகுதான். 2019-ல் என்னிடம் வந்த நால்வரும் அப்படித்தான். திருவல்லிக்கேணி மேன்ஷன் வாழ்க்கையை வைத்து எட்டு எபிசோடு எடுத்து, நண்பர்களில் ஒருவன் தொடங்கிய யூடியூப் சேனலில் போட்டிருந்தார்கள். முதலீடு, அடகு வைத்த அம்மாவின் வளையலும் இரண்டு கிரெடிட் கார்டும். 2017-ல் ஹாட்ஸ்டார் ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் காதல்’ தொடரை வெளியிட்ட பிறகு, தமிழில் இப்படிப்பட்ட தொடர்களுக்கும் விலை உண்டு என்ற பேச்சு கோடம்பாக்கத்தில் பரவியிருந்தது. இவர்களிடமும் ஓர் ஓடிடி நிறுவனம் விலை பேசியது. இரண்டாவது சீசனையும் சேர்த்து வாங்கத் தயார், ஆனால் முதல் சீசனின் உரிமை யாரிடம் இருக்கிறது என்று காகிதத்தில் காட்டுங்கள் என்றது. வீடு வாங்குகிறவர் மூலப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் கேட்பது மாதிரிதான் இதுவும். நியாயமான கேள்வி. இவர்களிடம் இருந்த ஒரே காகிதம்தான் வில்லங்கமே.

தொடரை எடுத்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். ஐந்தாமவன் எடிட்டர். சேனல் அவனுடைய மின்னஞ்சலில்தான் திறக்கப்பட்டிருந்தது. 2018-ல் ஒரு டிஜிட்டல் நிறுவனம், சேனலை நாங்கள் நடத்துகிறோம், விளம்பரம் பிடித்துத் தருகிறோம், வருவதில் பாதி உங்களுக்கு என்று சொல்லி இரண்டு பக்கக் கடிதம் ஒன்றை நீட்டியது. ‘தொடரின் டிஜிட்டல் உரிமைகள் அனைத்தும்’ என்று ஒரு வரி அதில் இருந்தது. அவன் கையெழுத்துப் போட்டான், பாஸ்வேர்டையும் கொடுத்தான். சில மாதம் பணம் வந்தது, பிறகு நின்றது. எடிட்டரோ அந்த நிறுவனத்திலேயே சம்பளத்துக்குச் சேர்ந்துவிட்டான். அவனைத் துரோகி என்றுதான் மற்ற நால்வரும் சொன்னார்கள். அப்பாவின் பைபாஸ் செலவு அவன் தலையில் இருந்தது என்று எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது.

எதிர்த்தரப்பு வக்கீல் கெட்டிக்காரர். அவருடைய வாதத்துக்கு இரண்டு முனை. ஐவரும் லாபத்தைப் பங்கிட்டுக்கொள்வதாகப் பேசித் தொழில் செய்தவர்கள், ஆகவே இது கூட்டு வணிகம். கூட்டாளி ஒருவர் தொழிலுக்காகப் போட்ட கையெழுத்து எல்லோரையும் கட்டும். இது முதல் முனை. அந்தக் கூட்டு வணிகம் பதிவு செய்யப்படவில்லை, 1932-ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டத்தின் 69-ஆம் பிரிவுப்படி, பதிவில்லாத நிறுவனம் ஒப்பந்தத்தின் பேரில் வெளியாள்மீது வழக்குப் போட முடியாது. இது இரண்டாம் முனை. கட்டுப்படும்போது நீங்கள் கூட்டாளிகள், கேட்கும்போது நீங்கள் யாருமில்லை! சட்டப்படி இரண்டுமே சரி என்பதுதான் வேதனை.

அப்படியானால் பதிவு செய்துவிட்டு வழக்குப் போட்டிருக்கலாமே என்று வாசகர் கேட்கலாம். நானும் அதைத்தான் முதலில் யோசித்தேன். பதிவுக்கான படிவத்தில் கூட்டாளிகள் அத்தனை பேரும் கையெழுத்திட வேண்டும் என்கிறது 58-ஆம் பிரிவு. ஐந்தாமவன் எதிரியிடம் சம்பளம் வாங்குகிறவன், அவன் எப்படிப் போடுவான்? கூட்டு வணிகங்கள் பதிவில்லாமல் தொழில் செய்து பிறரை ஏமாற்றக் கூடாது என்பதற்காக எழுதப்பட்ட விதி, டீக்கடையில் உட்கார்ந்து கதை பேசித் தொழில் தொடங்கிய பையன்களின் கழுத்தில் வந்து விழுந்தது.

பாதி விளம்பரப் பணம் கேட்பதை அதனால் கைவிட்டேன், அது ஒப்பந்தத்தில் பிறந்த உரிமை. காப்புரிமை அப்படியில்லை, அது சட்டமே தருவது. சட்டம் தரும் உரிமைக்கு 69-ஆம் பிரிவு தடையாகாது என்று 2000-ல் ஹல்திராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே நான்கு பேரும் தொடரின் உரிமையாளர்கள் என்ற நிலையில் வழக்குப் போட்டோம். அப்போதும் அந்தக் கடிதம் குறுக்கே நின்றது. உரிமையைத்தான் எழுதிக் கொடுத்துவிட்டீர்களே என்றார் எதிர்த்தரப்பு வக்கீல்.

அந்த இரண்டு பக்கத்தையும் மறுபடி மறுபடி படித்ததில், அதில் இல்லாதவைதான் எனக்கு உதவின. எத்தனை காலத்துக்கு என்று அதில் இல்லை, எந்த நாட்டுக்கு என்றும் இல்லை. காப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, காலம் சொல்லாவிட்டால் ஐந்து வருடம், எல்லை சொல்லாவிட்டால் இந்தியா மட்டும் என்கிறது. அப்படியானால் கோலாலம்பூரிலும் துபாயிலும் டொராண்டோவிலும் பார்த்த தமிழர்களின் பார்வை யாருடைய சொத்து? நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு எதிர்த்தரப்பைப் பார்த்தார். சேனல் கணக்கைத் தாக்கல் செய்யச் சொன்னார். பார்வைகளில் வெளிநாடு சிறு பங்குதான், வருமானத்தில் பாதிக்கு மேல் அங்கிருந்து வந்திருந்தது.

இந்தியாவுக்கு வெளியே தொடரைக் காட்டவோ விற்கவோ கூடாது என்று இடைக்காலத் தடை கிடைத்தது. சேனலைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டதை நீதிமன்றம் ஏற்கவில்லை. சேனல் கணக்கு என்பது கணக்கு வைத்திருப்பவருக்கும் யூடியூபுக்கும் இடையிலான ஏற்பாடு, யூடியூப் இங்கே கட்சியில்லை என்றார் நீதிபதி. உத்தரவு வந்த வாரமே, வெளிநாட்டில் தொடரைத் திறந்தவர்களுக்கு ‘உங்கள் நாட்டில் கிடைக்காது’ என்ற வாசகம்தான் தெரிந்தது. நாங்கள் ஜெயித்ததன் முதல் பலன் அது. பையன்கள் புதிதாகச் சேனல் தொடங்கினார்கள். விளம்பர வருமானம் வர ஆயிரம் சந்தாதாரர், பன்னிரண்டு மாதத்துக்குள் நாலாயிரம் மணி நேரப் பார்வை வேண்டும் என்று 2018-லேயே யூடியூப் விதியை இறுக்கியிருந்தது. பழைய சேனலின் லட்சக்கணக்கான பார்வைகளில் ஒன்றுகூடப் புதியதற்கு மாறி வராது.

உயர் நீதிமன்ற வளாகத்துச் சமரச மையத்தில் வழக்கு முடிந்தது. எடிட்டரும் நிறுவனத்தின் பக்கம் வந்து உட்கார்ந்திருந்தான். அசல் பதிவுகள் எங்கே என்று தொடரின் இயக்குநர் கேட்டதும், பையிலிருந்து ஒரு ஹார்டு டிஸ்கை எடுத்து மேஜைமேல் வைத்தான். மேலே ஒட்டிய டேப்பில் மார்க்கரால் எழுதிய தொடரின் பெயர் பாதி அழிந்திருந்தது. “சூப்பர்வைஸர் கேட்டார்டா, குடுக்கலை” என்றான். யாரும் பதில் பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பேரம் சீக்கிரமே முடிந்தது. வெளிநாட்டு உரிமையும் ஒரு மொத்தத் தொகையும் ஐவருக்கு, இந்திய உரிமை ஐந்து வருடம் முடியும்வரை நிறுவனத்துக்கு, சேனலும் அதற்கே. அடகு நகையை மீட்க அந்தத் தொகை போதுமானதாக இருந்தது. ஓடிடி நிறுவனம் அதற்குள் வேறொரு கதையை வாங்கிவிட்டது.

இந்தியில் டிவிஎஃப் குழு 2014-ல் ஒரு வீட்டுமனை இணையதளத்தின் விளம்பர ஆதரவில் ‘பெர்மனன்ட் ரூம்மேட்ஸ்’ தொடரை யூடியூபில் வெளியிட்டது. அதன் மூன்றாவது சீசன் 2023-ல் அமேசான் பிரைமில் வந்தது. ஒன்பது வருடம் கழித்தும் கேட்டவருக்குக் கொடுக்க உரிமை அவர்கள் கையிலேயே இருந்திருக்கிறது. என் கட்சிக்காரர்களுக்கும் அதே 2023-ல்தான் ஐந்து வருடம் முடிந்து இந்திய உரிமை திரும்பி வந்தது. ஐவரும் சேர்ந்து வந்தார்கள். உரிமை முழுக்க அவர்களுடையது, விற்கத் தடையில்லை என்று என் கருத்தை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். வாங்க இதுவரை யாரும் வரவில்லை.