குழாய்க்கு எதைக் கொடுக்கக் கூடாது

மதுரையில் மைக்செட் சாமான் ரிப்பேர் பார்க்கும் கடையை வாசலிலேயே கண்டுபிடித்துவிடலாம். அலுமினியக் குழாய்கள் வாய் கவிழ்ந்து அடுக்கியிருக்கும். நான் போன கடைக்காரர் வால்வு ஆம்ப்ளிஃபயர் காலத்தில் தொழில் பழகியவர். திருவிழா, காதுகுத்து வேலை குறைந்துபோன நேரத்தில் அவருக்குப் புது வாடிக்கை பிடித்திருக்கிறது. பழைய நீளக் குழாயை எங்கிருந்தோ தேடி வாங்கிவந்து, வீட்டில் இசைத்தட்டு கேட்கிற மாதிரி மாற்றித் தரச் சொல்கிறார்களாம்.

"வீட்டுக்குள்ள குழாயா? காது கிழிஞ்சிராதாண்ணே?"

"குழாய் என்ன தம்பி செய்யும்? எல்லாத்தையும் அதுக்குள்ளயே திணிச்சா கத்தத்தான் செய்யும்."

பேசிக்கொண்டே, குழாயின் பின்னால் பொருத்தி ஒலியெழுப்பும் யூனிட் ஒன்றின் பின்மூடியைக் கழற்றினார். டயாப்ரம் பழுப்பு நிறத்தில், பிசினில் ஊறி விறைத்த துணி. அதன் விளிம்புக் காயில் ஒரு பக்கம் கருகியிருந்தது. காயில் இறங்கும் மேக்னட் இடுக்கில் நகம்கூட நுழையாது. அதில் இரும்புத்தூள் ஒன்று கிடந்தாலும் கரகரக்கும். ஊதினால் போகாது, மேக்னட் விடாது. ஒட்டு டேப்பை மடித்து இடுக்குக்குள் சுற்றிவர இழுத்தார். இரண்டாம் முறை டேப் சுத்தமாக வந்தது. புது டயாப்ரத்தை வைத்து, திருகுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினார். செல்போனிலிருந்து கீழ் சுருதி முதல் மேல் சுருதி வரை ஒரே இழுப்பாக ஓடவிட்டு, காதைக் கிட்டே வைத்துக் கேட்டார். ஓரிடத்தில் லேசாக உரசியது. மறுபடி தளர்த்தி, மயிரிழை நகர்த்தி, முடுக்கினார்.

காயில் ஏன் கருகியது? 20 அங்குல வாயுள்ள குழாய் ஏறத்தாழ 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலியைத் தாங்கிப் பிடிக்காது. தவில் அடியும் பேஸ் கிட்டாரும் அங்கேதான் வருகின்றன. பிடிமானமில்லாமல் டயாப்ரம் படபடக்கும். சத்தம் வராது, சூடுதான் ஏறும். ஆகவே கீழ்ச் சத்தத்தைக் குழாய்க்குப் போகாமல் தடுக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது ஒரு கண்டன்சர். 16 ஓம் யூனிட்டுக்கு 10 மைக்ரோஃபாரட் போட்டால் 1000 ஹெர்ட்ஸ் வாக்கில் வெட்டும். 20 போட்டால் 500. பிளஸ், மைனஸ் உள்ள சாதாரணக் கண்டன்சர் இதற்கு ஆகாது. அவர் எடுத்தது சீலிங் ஃபேன் கண்டன்சர்: 2.5 வீதம் நான்கை இணையாகச் சேர்த்தால் பத்து. விலையும் சல்லிசு. இதைவிடப் புத்திசாலித்தனமான சிக்கனத்தை நான் அண்மையில் பார்க்கவில்லை.

கீழ்ச் சத்தம் 15 அங்குல பேஸ் பாக்ஸுக்கு, செம்புக் கம்பியில் அவரே சுற்றிய காயில் வழியாகப் போகிறது. அமெரிக்காவில் ஆல்டெக் லான்சிங் 1945-இல் திரையரங்குகளுக்குக் கொண்டுவந்த 'வாய்ஸ் ஆஃப் தி தியேட்டர்' வரிசையிலும் இதே பங்கீடுதான். 500 அல்லது 800 ஹெர்ட்ஸில் பிரித்தார்கள்.

இன்னொரு சிக்கல் உண்டு. குழாய் ஒரு வாட்டுக்கே 105 டெசிபலைத் தாண்டும். பேஸ் ஸ்பீக்கர் 95 பக்கம்தான். அந்த 10 டெசிபலை எட்ட அதற்குப் பத்து மடங்கு பவர் வேண்டும். அதனால் குழாயின் சத்தத்தை ரெசிஸ்டர் வைத்துக் குறைக்கிறார். தொடராக ஒன்று, குறுக்கே ஒன்று. ஒன்றை மட்டும் வைத்தால் ஓம் மாறி, கண்டன்சர் கணக்கு கெட்டுவிடும். கணக்கெல்லாம் தொடக்கம்தான், கடைசி முடிவு பழைய பி. சுசீலா பாட்டில். 'ஸ' ஒலி சீறினால் ரெசிஸ்டரை மாற்றுவார்.

நான் கேட்டபோது குழாய் பாடுவதே தெரியவில்லை. குரல் அறைக்கு நடுவில் நின்றது.

அந்நேரம் ஊர்க் கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் வந்தார். போன மாதம் கண்டன்சர் போட்டுக் கொடுத்த நான்கு குழாய்களையும் திரும்பக் கொண்டுவந்திருந்தார். "சத்தம் கம்மாக்கரை தாண்ட மாட்டேங்குதுண்ணே. அதைக் கழட்டி விட்ருங்க."

பொது இடத்தின் எல்லையில் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2005-இலேயே சொல்லியிருக்கிறது. அதை நான் சொன்னேன், கமிட்டிக்காரர் சிரித்தார். கடைக்காரர் சட்டம் பேசவில்லை.

"கழட்டலாம். டயாப்ரம் போச்சுன்னா நாலுக்கும் நீங்கதான் காசு. சரின்னா சொல்லுங்க, அயனைச் சூடு பண்றேன்."