மாடி அறையும் மனச்சாட்சியும்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று சொல்லி வைத்த பெரியவர் அத்துடன் நிறுத்திக்கொண்டு விட்டார். "கட்டின வீட்டுக்கு வரியைக் கட்டிப் பார்" என்று மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்திருக்கலாம். அந்தக் குறையை நிவர்த்தி செய்யவே இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன்.

என் சொந்த ஊர் எரியோடு. கரூரிலிருந்து திண்டுக்கல்லுக்கு ரயிலில் போகிறவர்கள் அந்தச் சிறிய ஸ்டேஷனை ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பார்கள். வேடசந்தூர் தாலுகாவைச் சேர்ந்த பேரூராட்சி. சுற்றிலும் மழையை நம்பிய காடுகள். அந்த வட்டாரம் முழுவதும் நூற்பு மில்கள். காட்டு வேலைக்குப் போகிறவர்களும் மில்லுக்குப் போகிறவர்களும் விடியற்காலையில் ஒரே டீக்கடையில்தான் சந்தித்துக் கொள்வார்கள். ஊர் விவகாரங்கள் எல்லாம் தீர்ப்பாவதும் அங்கேதான்.

என் தகப்பனார் கட்டிய வீடு 1,140 சதுர அடி. பத்திரிகையில் எனக்கு வேலை கிடைத்த பிறகு, மாடியில் பத்துக்குப் பன்னிரண்டில் ஓர் அறை கட்டினேன். லீவில் வரும்போது அமைதியாக உட்கார்ந்து எழுதலாம் என்று உத்தேசம். எழுதினது ஒன்றுமில்லை. அம்மா அதில் புளிப் பானையும் வடகக் கூடையும் வைத்துக்கொண்டாள். இருந்தாலும் அந்த அறையில் எங்கள் இருவருக்குமே ஒரு பெருமை.

2022-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் ஊருக்குப் போயிருந்தேன். டீக்கடை கொதித்துக் கொண்டிருந்தது; பாய்லர் அல்ல, ஜனங்கள். தமிழ்நாடு முழுவதும் சொத்து வரியை உயர்த்தி அப்போதுதான் அறிவிப்பு வந்திருந்தது. சென்னைக்கு ஒரு கணக்கு. எங்களைப் போன்ற பேரூராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் வேறொரு கணக்கு. 600 சதுர அடிக்கு உட்பட்ட குடியிருப்பு வீட்டுக்கு 25 சதவிகிதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேலே போனால் முழுசாக 100 சதவிகிதம்.

"பிப்ரவரியிலே ஓட்டுக் கேட்டு வந்தாங்க. ஏப்ரல்லே காசு கேட்டு வர்றாங்க" என்றார் என் சித்தப்பா. கடையில் ஒரே சிரிப்பு. எந்தக் கட்சியாக இருந்தாலும் இந்த விஷயத்தில் பஞ்சாங்கம் ஒன்றுதான். 2018-ல் வரியை உயர்த்தினார்கள். 2019 நவம்பரில், உள்ளாட்சித் தேர்தல் நெருங்கியதும், அதை நிறுத்தி வைத்தார்கள். அதற்கு முன்னால் சென்னையில் 1998-க்குப் பிறகும், மற்ற ஊர்களில் 2008-க்குப் பிறகும் பொதுவாக வரி உயரவேயில்லை. கடைசியில் பதினைந்தாவது நிதிக் கமிஷன் ஒரு நிபந்தனை போட்டது: சொத்து வரியைச் சீர்திருத்தாத நகரங்களுக்கு மத்திய மானியம் கிடையாது என்று. பதினான்கு வருஷம் உயராதது ஒரே நாளில் எழுந்து நின்றது.

படித்தவன் என்ற முறையில் நானும் என் பங்குக்கு ஒரு கதை சொன்னேன். 1810-ல் கும்பினியார் காசி நகரத்தில் வீட்டு வரி போட்டார்கள். ஜனங்கள் கடைகளை மூடி, வீடுகளை விட்டு வெளியேறி, நாள் கணக்கில் வெட்டவெளியில் உட்கார்ந்து விட்டார்கள். கடைசியில் கும்பினியார் அந்த வரியைக் கைவிட நேர்ந்தது.

சித்தப்பா யோசித்தார். "நாமளும் போயி உட்காரலாம்தான். ஆட்டுக்குத் தழை ஒடிக்க யாரு போறது?"

அன்று ராத்திரி சித்தப்பா வீட்டுக்கே வந்து விட்டார். குரலைத் தாழ்த்திக் கொண்டு, "ஏப்பா, மாடி ரூமைக் கணக்குல காட்டிராதே. கீழ்வீடு மட்டும்னா 1,140. ரூமைச் சேர்த்தா 1,260 ஆயிரும். 50 சதவிகிதம் போயி 75-லே மாட்டிக்குவே. எவன் ஏணி வச்சு ஏறிப் பார்க்கப் போறான்?" என்றார்.

அவர் போனதும் காகிதம் பென்சில் எடுத்துக் கணக்குப் போட்டேன். அதுவரை எங்கள் வீட்டுக்கு அரையாண்டு வரி 456 ரூபாய். அறையை மறைத்தால் 684 ரூபாய். அறைக்கும் அதே விகிதத்தில் வரி சேர்த்து, 75 சதவிகிதமும் கூட்டினால் 882 ரூபாய். வித்தியாசம் 198. மறைத்து விடுவது என்று தீர்மானித்துக் கொண்டேன். அதற்குச் சமாதானமும் தயாராக இருந்தது. "எத்தனையோ பேர் ஏமாற்றுகிறார்கள். நாம் கொடுக்கிற பணத்தை இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்?" நியாயமான கேள்விதான். ஆனால் அதை அந்த நேரத்தில் நான் கேட்டது நியாயத்துக்காக அல்ல, 198 ரூபாய்க்காக.

காலையில் அம்மாவிடம் சொன்னேன். "யாராவது கேட்டால், மேலே சும்மா ஓடு போட்டு மறைச்சிருக்குன்னு சொல்லிடும்மா."

அம்மா அரிசி புடைத்துக் கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"மாடி ரூமு கட்டியிருக்கோம்னு ஊரெல்லாம் நான் சொல்லியாச்சே. இப்ப இல்லேன்னு எப்படிச் சொல்றது?"

எனக்குச் சிரிப்பு வந்து விட்டது. ஆனால் அம்மா சிரிக்கவில்லை. உள்ளே போய், பழைய ரசீதுகளைக் கோத்து வைத்திருந்த கம்பியை எடுத்து வந்தாள்.

"இதுல நூலக வரின்னு போட்டிருக்கே, அது என்னப்பா?"

சொன்னேன். சொத்து வரி ஒரு ரூபாய் என்றால், அதன்மேல் பத்துப் பைசா பொது நூலகங்களுக்குப் போகிறது. 1948-லேயே சென்னை மாகாணத்தில் இதற்காகச் சட்டம் செய்தார்கள். சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுதான் என்று கொஞ்சம் பெருமையாகவே விளக்கினேன்.

"அப்படியா? நீ எட்டாப்பு படிக்கையிலே, தொடர்கதை படிக்கணும்னு லைப்ரரியிலே போய் உட்கார்ந்துக்குவே. விளக்கை அணைக்கிற வரைக்கும் வர மாட்டே. நான் வந்து கூட்டிட்டு வருவேன். அந்த விளக்குக்குக் காசு குடுத்தது யாரு?"

எனக்குப் பதில் வரவில்லை. வாராவாரம் பத்திரிகை வாங்கக் காசில்லாத வீட்டுப் பையன் நான். இன்று பத்திரிகையில் எழுதிச் சம்பளம் வாங்குகிறேன் என்றால், முகம் தெரியாத யார் யாரோ அரையாண்டுக்கு ஒரு தடவை முணுமுணுத்துக் கொண்டே கட்டின பத்துப் பைசாக்கள் அதில் இருக்கின்றன. 198 ரூபாயை ஆறு மாதத்துக்கு வகுத்துப் பார்த்தேன். மாதம் 33 ரூபாய். இரண்டு டம்ளர் டீயும் ஒரு வடையும்! அதற்காகத்தான் அடியேன் ஓர் அறையையே மாயமாக மறைக்கப் பார்த்தேன். அறையைக் கணக்கில் காட்டினோம்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் "வரி கட்டுவோம், நலம் பெறுவோம்" என்று சுவரில் எழுதி விட்டுப் போயிருப்பேன். ஆனால் அடுத்த தெருப் பெரியம்மாவைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை.

பெரியம்மா இருப்பது மாமனார் காலத்து ஓட்டு வீடு. கூடம், தாழ்வாரம் எல்லாமாக 1,900 சதுர அடி. அதில் குடியிருப்பது அவர் ஒருவர்தான். மழைக்காலத்தில் ஒழுகாத மூலை எது என்று தேடிப் படுத்துக் கொள்வார். திருப்பூரிலிருந்து மகன் மாதம் இரண்டாயிரம் ரூபாய் அனுப்புகிறான். கொட்டிலில் நாலைந்து ஆடுகள். வீடு 1,800 சதுர அடியைத் தாண்டி விட்டதால் அவருக்கு 100 சதவிகித உயர்வு. அரையாண்டுக்கு 600 ரூபாயாக இருந்தது 1,200 ஆயிற்று. ஒரு வியாழக்கிழமை, அய்யலூர் ஆட்டுச் சந்தைக்கு ஒரு குட்டியைப் பிடித்துக்கொண்டு போய் விற்று வரியைக் கட்டினார்.

"பெரிய வீட்டுக்காரியாம் நானு. காகிதத்துலே போட்டிருக்கு" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. அளவு நாடாவுக்குச் சுவரின் நீளம் தெரியும். அடுப்பில் உலை ஏறிற்றா என்று தெரியாது.

அதற்காக வரியே உயரக்கூடாது என்றால் அதுவும் அநியாயத்தில்தான் போய் முடியும். அமெரிக்காவில் கலிபோர்னியா ஜனங்கள் 1978-ல் ஓட்டுப் போட்டே அப்படி ஒரு சட்டம் செய்து கொண்டார்கள். வீட்டின் மதிப்பில் 1 சதவிகிதத்துக்கு மேல் வரி கூடாது. கை மாறும் வரையில் அந்த மதிப்பை வருஷத்துக்கு 2 சதவிகிதத்துக்கு மேல் கூட்டக் கூடாது. விளைவு என்ன? ஒரே தெருவில் ஒரே மாதிரி இரண்டு வீடுகள். பழைய சொந்தக்காரர் சொற்பம் கட்ட, புதிதாக வாங்கினவர் அதைப்போலப் பல மடங்கு கட்டுகிறார்.

நம் ஊரில் நடந்ததோ வேறு விதம். வருஷா வருஷம் கொஞ்சமாக ஏற்றியிருந்தால் யாருக்கும் உறைத்திருக்காது. பதினான்கு வருஷம் சும்மா இருந்து விட்டு ஒரேயடியாக ஏற்றியதால்தான் பெரியம்மா ஆட்டுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு சந்தைக்குப் போக நேர்ந்தது. சென்னை மாநகராட்சி மன்றம் 2024 செப்டம்பரில் 6 சதவிகித உயர்வுக்குத் தீர்மானம் போட்டது. அப்போதும் முணுமுணுப்பு இருந்தது. ஆனாலும் 6 வேறு, 100 வேறு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குடும்பத்தில் வீட்டுச் செலவுக்குக் கூடக் கொஞ்சம் பணம் கேட்டால், எதற்கு என்று அம்மா கணக்குச் சொல்வாள். பால் இத்தனை, எண்ணெய் இத்தனை என்று. பட்ஜெட் என்பதும் அதுதானே? இவ்வளவு வந்தது, விளக்குக்கு இவ்வளவு, குழாய்க்கு இவ்வளவு, சாக்கடைக்கு இவ்வளவு என்று ஊர் மொழியில் ஒரே ஒரு பக்கம் எழுதி டீக்கடைச் சுவரில் ஒட்டி விட்டால், சித்தப்பா போன்றவர்களின் கேள்வியில் பாதி அடங்கி விடும். மீதிப் பாதியை மன்றத்தில் கேட்கலாம். வீட்டுக்காரன் அறையை மறைக்கக் கூடாது. வசூலிக்கிறவர்களும் கணக்கை மறைக்கக் கூடாது. பெரியம்மாவைப் போன்றவர்களுக்குச் சலுகை காட்டினால் எந்தப் பட்ஜெட்டும் கவிழ்ந்து விடாது.

இப்போதெல்லாம் அம்மா, அரையாண்டு பிறந்த முதல் மாதத்திலேயே வரியைக் கட்டி விடுகிறாள். முப்பது நாளுக்குள் கட்டினால் 5 சதவிகிதம் ஊக்கத் தொகை உண்டு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சென்ற தடவை ஊருக்குப் போனபோது அந்த மிச்சத்தைத் தனியாக முடிந்து வைத்திருந்து, "இந்தா, டீ குடிச்சுட்டு வா" என்று என்னிடம் கொடுத்தாள்.

எண்ணிப் பார்த்தேன். இரண்டு டம்ளர் டீக்கும் ஒரு வடைக்கும் தாராளமாகப் போதும்.