ஓமப் பொட்டணம்

புலவி நுணுக்கம் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் தும்மலை வைத்து ஓர் அழகிய நாடகம் நடத்துகிறார். தலைவன் தும்முகிறான். தலைவி வாழ்த்துகிறாள். வாழ்த்திய வாய் மூடுமுன்னே, உம்மை இப்போது நினைத்தவள் யார் என்று கேட்டு அழுகிறாள். அடுத்த முறை தும்மல் வரும்போது அவன் அஞ்சி அதை அடக்கிக்கொள்கிறான். அப்போதும் அவள் அழுகிறாள். உமக்கு வேண்டியவர்கள் உம்மை நினைப்பதை என்னிடம் ஒளிக்கிறீரா என்பது இம்முறை அவள் வழக்கு. எங்கள் ஆசிரியர் இக்குறள்களை விளக்கிய நாளில் வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். தும்மலை மறைத்தவன் படும் பாடு இன்னதென்று என் இருபத்து மூன்றாம் வயதில், நிலத்துக்கு 3,000 அடி உயரத்தில், ஒரு சிறு விமானத்துள் தனியாக இருந்தபோதுதான் அறிந்தேன்.

நான் பிறந்த ஊர் தாசேக் கெலுகோர். பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், செபராங் பிறையின் வடக்கே உள்ள சிற்றூர். தாசேக் என்றால் மலாய் மொழியில் ஏரி. கெலுகோர் என்பது புளிப்பான பழம் தரும் ஒரு மரம். அப்பழத்தை அரிந்து, வற்றலாகக் காயவைத்து, மீன் குழம்பில் புளிக்கு மாற்றாகப் போடுவார்கள். நெல்வயல்களும் ரப்பர்த் தோட்டங்களும் சூழ்ந்த எங்கள் ஊரின் வழியே, அலோர் ஸ்டாரை நோக்கி வடக்கே செல்கிறது இரயில் பாதை. அந்தப் பாதையைப் பழுது பார்க்கும் தொழிலாளருள் ஒருவர் என் தந்தையார்.

விடியற்காலையில் தண்டவாளத்தின் மேல் நடந்து, ஆணி கழன்றிருக்கிறதா, கட்டை உளுத்திருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. காய்ச்சல் கண்ட நாளில் அவர் வேலைக்குப் போகமாட்டார். மண்டோரிடம் சொல்லிவிட்டு வந்து படுத்துக்கொள்வார். அன்றைய கூலி போய்விடுமே என்று அம்மா முணுமுணுத்தால், “கண்ணு மங்கலா இருக்கிற அன்னைக்கு லைன்ல நடக்கக் கூடாது. ஆணி கழண்டது என் கண்ணுக்குத் தப்பிடும், ரயிலுக்குத் தப்புமா?” என்பார். அவ்வளவுதான். அந்தச் சொல் என் செவியில் விழுந்தது; நெஞ்சில் தங்கியதா என்பதை நான் அப்போது அறியேன்.

எங்கள் ஊருக்கு மேற்கே பட்டர்வொர்த் விமானத் தளம். 1957 முதல் 1988 வரை அது ஆஸ்திரேலிய வான்படையின் பொறுப்பில் இருந்தது. முதலில் சேபர், பின்னர் மிராஜ் என்று போர் விமானங்கள் வானைக் கிழித்துக்கொண்டு பறக்கும். அறுவடை முடிந்த வயலில் பட்டம் விட்டுக்கொண்டிருக்கும் நான் நூலைக் கைவிட்டு அண்ணாந்து நிற்பேன். நின்ற வாக்கிலேயே தும்முவேன். ஒன்று, இரண்டு அல்ல, பத்து, பதினைந்து. ஆண்டின் தொடக்கத்தில் மழை ஓய்ந்து, ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும் நாள்களில் அது பெருகும். வைக்கோல் எரியும் புகை சேர்ந்தால் கண்கள் சிவந்து நீர் ஒழுகும்.

அம்மா ஒரு கைப்பிடி ஓமத்தை வெறும் வாணலியில் வறுத்து, வெள்ளைத் துணியில் கட்டி, சூடு பொறுக்கும் பதத்தில் என் மூக்கின் அருகே பிடிப்பார். “இழுத்து மோந்து பாரு ராசா, காஞ்ச காத்து ஒனக்கு ஒத்துக்கல” என்பார். அடைத்த மூக்கு சற்றே திறக்கும். அந்த மணம் வரும்போதெல்லாம் அவர் மடியின் வெம்மையும் கூடவே வரும்.

1983ஆம் ஆண்டு விமானப் பயிற்சிக்காக இங்கிலாந்து சென்றபோது, என் பெட்டியில் அத்தகைய பொட்டணம் ஒன்று இருந்தது. வேண்டாம் என்று நான் எடுத்து வைத்ததை அம்மா எப்போது மீண்டும் உள்ளே வைத்தாரோ! சூன் மாதம் பிறந்தது. பயிற்சித் திடலைச் சுற்றிலும் புல்வெளிகள் பூத்தன. கண்ணுக்குப் புலப்படாத மகரந்தத் தூள் காற்றில் கலந்தது. எனக்குப் பழைய நோய் புதிய வலிமையோடு திரும்பிற்று.

இதனை ஆங்கிலேயர் வைக்கோல் காய்ச்சல் என்று அழைக்கிறார்கள். வைக்கோலுக்கும் இதற்கும் நேர்த் தொடர்பில்லை, காய்ச்சலும் அடிப்பதில்லை. ஜான் பாஸ்டாக் என்னும் மருத்துவர் தம் உடலில் ஆண்டுதோறும் கோடையில் தோன்றிய இத்துன்பத்தை 1819இல் எழுதி வைத்தார். காரணம் மகரந்தமே என்று சோதனைகளால் காட்டியவர் மான்செஸ்டரில் வாழ்ந்த சார்லஸ் பிளாக்லி. அவரும் இந்நோயால் வாடியவரே. 1873இல் வெளிவந்த தம் நூலில் அவர் ஒரு செய்தி கூறுகிறார். பிசின் தடவிய கண்ணாடித் தகடுகளைப் பட்டத்தில் கட்டிப் பறக்கவிட்டு, ஆயிரம் அடிக்கு மேலும் மகரந்தம் மிதப்பதைக் கண்டாராம். தாசேக் கெலுகோர் வயலில் பட்டம் விட்டபடி தும்மிய எனக்கு, இதைப் பின்னாளில் படித்தபோது உடன்பிறந்தார் ஒருவரைக் கண்டது போலிருந்தது.

ஆனால், அந்தச் சூன் மாதத்தில் எனக்கு எந்த வரலாறும் தெரியாது. தெரிந்ததெல்லாம் அச்சம் ஒன்றே. மருத்துவச் சான்றிதழ் போனால் விமானி வேலை போகும். தண்டவாளத் தொழிலாளியின் மகன் விமானியாகப் போகிறான் என்று எங்கள் ஊர்க் கோவிலில் அருச்சனை செய்து அனுப்பியிருந்தார்கள். மூக்கைச் சிந்திக்கொண்டு ஊர் திரும்ப எனக்கு மனமில்லை. ஆகவே மறைத்தேன். வெயில் இல்லாத நேரத்திலும் கறுப்புக் கண்ணாடி அணிந்தேன். மருந்துக் கடையில் குளோர்பெனிரமின் மாத்திரை வாங்கி, காலையில் ஒன்றும் பறக்குமுன் ஒன்றுமாக யாருக்கும் தெரியாமல் விழுங்கினேன். தும்மல் நின்றது. வெற்றி என்று எண்ணினேன்.

ஒருநாள் தனிப் பயிற்சியாக மூன்று ஊர்களைச் சுற்றிவரப் புறப்பட்டேன். வானம் தெளிந்திருந்தது, இயந்திரம் சீராக முழங்கியது. என் கண்கள் திறந்தே இருந்தன. ஆயினும் நான் அங்கே இல்லை. வானொலியில் என் விமானத்தின் அழைப்புக்குறி ஒலித்தது எனக்குக் கனவில் யாரோ பேசுவது போலிருந்தது. மூன்றாம் அழைப்பில் திடுக்கிட்டு உணர்ந்தேன். உயரமானி 400 அடி குறைவாகக் காட்டியது. நூறு நாட் வேகத்தில் செல்லும் விமானம் ஒரு வினாடிக்கு 50 மீட்டருக்கு மேல் கடக்கும். நான் எத்தனை வினாடி இல்லாமற்போனேன் என்பது எனக்கே தெரியவில்லை. கீழே ஒரு சிற்றூர். வீடுகள். ஒரு பள்ளிக்கூடத் திடலில் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் தந்தையாரின் குரல் கேட்டது. கண்ணு மங்கலா இருக்கிற அன்னைக்கு லைன்ல நடக்கக் கூடாது.

தரையிறங்கியதும் பயிற்றுநரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரையையும் சட்டைப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தேன். அவர் சினக்கவில்லை. நெடுநேரம் அந்த மாத்திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வான்துறை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். மூன்று வாரம் பறக்கக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. என் வாழ்வில் மிக நீண்ட மூன்று வாரம் அது.

மருத்துவர் முதியவர்; பேச்சில் இனிமை உடையவர். என் நோயை எனக்கே விளக்கினார். உடல், தீங்கற்ற மகரந்தத்தைப் பகையென்று தவறாக எண்ணிவிடுகிறது. மாஸ்ட் செல்கள் என்னும் காவல் அணுக்கள் வெடித்து, ஹிஸ்டமின் என்னும் பொருளைக் கொட்டுகின்றன. அதனால்தான் தும்மலும் நீரும் வீக்கமும். ஹிஸ்டமினைத் தடுக்கும் மருந்துகளுக்கு வழி திறந்த டேனியல் போவே 1957இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் அவ்வகைப் பழைய மருந்துகள் மூளைக்குள்ளும் புகுந்து விழிப்பை மங்கச் செய்கின்றன. “நீ தும்மலை நிறுத்தவில்லை, உன்னையே நிறுத்திக்கொண்டாய்” என்றார் அவர்.

மருந்தே உண்ணாமல் பறந்தாலும் இடருண்டு. விமானம் இறங்கும்போது வெளிக்காற்றின் அழுத்தம் கூடும். நடுச்செவியையும் தொண்டையையும் இணைக்கும் சிறு குழாய் வீங்கி அடைத்திருந்தால், அழுத்தம் சமனாகாது. செவிப்பறை உள்ளிழுக்கப்பட்டுத் தாங்கொணா வலி தோன்றும். தலை சுழலவும் கூடும். தரையை நெருங்கும் அந்நேரத்தில்தான் விமானிக்கு முழு அறிவும் வேண்டும்.

மருந்தும் பகை, மருந்தின்மையும் பகை என்றால் நான் என்னதான் செய்வது என்று கேட்டேன். ஊரில் என்ன செய்தாய் என்று அவர் திருப்பிக் கேட்டார். வெட்கத்தோடு ஓமப் பொட்டணத்தைப் பற்றிச் சொன்னேன். மறுநாள் கொண்டுவரச் சொல்லி, முகர்ந்து பார்த்து முறுவலித்தார். பிறகு ஒரு கதை சொன்னார்.

ரோஜர் அல்டூன்யான் 1922இல் சிரியாவில் பிறந்தவர், ஆர்மீனிய வழியினர். ஆர்தர் ரான்சம் 1930இல் எழுதிய புகழ்பெற்ற சிறுவர் நாவலில் வரும் ரோஜர் என்னும் சிறுவனுக்குப் பெயர் தந்தவர் இவரே. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் வான்படையில் பறக்கக் கற்பிக்கும் பயிற்றுநராக இருந்து, வான்படைச் சிலுவை என்னும் விருது பெற்றார். பின்னர் மருத்துவரானார். ஆஸ்துமா அவரை வாட்டியது. எகிப்திலும் அண்டை நாடுகளிலும் மக்கள் மருந்தாகப் பயன்படுத்தி வந்த ஒரு செடியின் விதையில் கெல்லின் என்னும் பொருள் உண்டு. அதனை அடியொற்றி ஆய்வுக்கூடத்தில் உருவான நூற்றுக்கணக்கான கூட்டுப்பொருள்களை அவர் தம் மூச்சிலேயே சோதித்தார். கினிப் பன்றியின் மயிர்ச்சாறு தமக்கு ஒவ்வாது என்று தெரிந்து, அதையே உள்ளிழுத்து மூச்சுத் திணறலை வேண்டுமென்றே வரவழைத்து, எந்தப் பொருள் அதைத் தடுக்கிறது என்று ஆண்டுக்கணக்கில் அளந்து பார்த்தார். 1965இல் சோடியம் குரோமோகிளைக்கேட் கிடைத்தது. 1968இல் அது விற்பனைக்கு வந்தது. அந்தப் பொடியை உள்ளிழுக்க அவர் அமைத்த கருவியில் விமானத்தில் உள்ளது போன்ற சிறு சுழல்விசிறி ஒன்று இருந்தது. போர்க்கால விமானியின் அறிவு நோயாளியின் கைக்குள் வந்து சேர்ந்தது.

“அந்தச் செடியும் உன் தாயார் கொடுத்த ஓமமும் ஒரே குடும்பம்” என்றார் மருத்துவர். கொத்தமல்லியும் சீரகமும் அக்குடும்பத்தவையே. ஓமம் வேறு, அந்த மருந்து வேறு என்பதை அவர் தெளிவாகவே சொன்னார். ஓமத்தின் மணம் மூக்கைச் சற்று நேரம் தெளிவிப்பது; குரோமோகிளைக்கேட்டோ மாஸ்ட் செல்கள் வெடிக்காமல் முன்கூட்டியே காப்பது. மூக்குக்கும் கண்ணுக்கும் உரிய வடிவங்களில் அப்போது அது கிடைத்தது. மூளையைத் தொடுவதில்லை, தூக்கம் தருவதில்லை. ஆனால் துன்பம் வந்தபின் பயனில்லை. பருவம் தொடங்குமுன்னே நாள்தோறும் பலமுறை இட்டுவர வேண்டும். தரையில் இருந்த மூன்று வாரமும் இட்டேன். சூலையில் மீண்டும் பறந்தேன். மூச்சு தெளிந்திருந்தது, அதைவிட மனம் தெளிந்திருந்தது.

நாடு திரும்பிய பின் செய்த தோல் சோதனையில், புல்லின் மகரந்தத்தோடு வீட்டுத் தூசியில் வாழும் நுண்பூச்சியும் எனக்கு ஒவ்வாதென்று தெரிந்தது. நம் நாட்டில் இந்நோய்க்குப் பெரிதும் காரணமாவது அந்தத் தூசிப்பூச்சியே. தலையணை உறையை வெந்நீரில் துவைப்பதும் அதனால் மருத்துவத்தின் பகுதியாயிற்று. பின்னர் மூக்கில் தெளிக்கும் ஸ்டீராய்டு மருந்துகள் கைகொடுத்தன. லோராட்டடின், ஃபெக்சோஃபெனடின் போன்ற தூக்கம் தராத மாத்திரைகளும் வந்தன. பல நாடுகளின் வான்துறைகள் அவற்றை விமானிகளுக்கு இசைகின்றன. ஆனால் முதன்முதல் உண்பது தரையில் இருக்கும்போதே ஆதல் வேண்டும். பழைய வகை மாத்திரைகளின் இடரோ இன்னும் தீரவில்லை. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், விபத்துகளில் இறந்த விமானிகளின் உடற்கூற்றுச் சோதனைகளைத் தொகுத்து 2014இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. விழிப்பைக் கெடுக்கக்கூடிய மருந்துகளுள் அவ்வுடல்களில் மிகுதியாகக் காணப்பட்டது, தும்மலுக்கும் தூக்கத்துக்கும் கடையில் எளிதாகக் கிடைக்கும் டைஃபென்ஹைட்ரமின் என்பதே அதன் முடிவு. அந்தப் பட்டியலில் நானும் ஒருவனாக வேண்டியவன்.

65 வயதில் ஓய்வு பெற்று ஊரில் இருக்கிறேன். சென்ற மாதம், ஐந்தாம் படிவம் பயிலும் அண்டை வீட்டுப் பையன் என்னிடம் வந்தான். விமானியாக வேண்டும் என்பது அவன் கனவு. கேட்டுக்கொண்டிருக்கும்போதே நான்கு முறை தும்மினான். முகம் வாடிவிட்டது.

“தாத்தா, மெடிக்கல்ல இதச் சொல்லாம விட்டுடலாமா?” என்றான்.

நான் உடனே விடை கூறவில்லை. உள்ளே சென்று கொஞ்சம் ஓமத்தை வறுத்துத் துணியில் கட்டிக் கொண்டுவந்து, அவன் கையில் கொடுத்தேன். முகர்ந்தான். மூச்சு சற்றே திறந்தது. பிறகு இக்கட்டுரையில் எழுதிய அனைத்தையும் அவனுக்குச் சொன்னேன். முதல் வேலையாக மருத்துவரிடம் போய் எதையும் மறைக்காமல் சொல்லும்படி கூறினேன். அங்கே இசைவு கிடைக்கும் என்று நான் உறுதி கூறவில்லை. பலருக்குக் கிடைத்திருக்கிறது என்பதை மட்டும் கூறினேன்.

மருந்து என்னும் அதிகாரத்தின் முடிவில் வள்ளுவர், மருத்துவம் நான்கு பகுதியுடையது என்கிறார்: நோயுற்றவன், தீர்க்கும் மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுபவன். இளமையில் நான் மருத்துவனை விலக்கினேன், உதவுவாரை ஒதுக்கினேன், மருந்தை மட்டும் நம்பினேன். நான்கில் இரண்டு குறைந்தபோது எஞ்சிய மருந்தே நஞ்சாகப் பார்த்தது.

பையன் பொட்டணத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டான். வாயிற்படியில் மீண்டும் தும்மினான். இம்முறை அடக்க முயலவில்லை.