"ஏட்டி, அம்மாட்ட சொல்லிராத!" - அக்காவின் ஆபரேஷனும், அந்த ஆறு வாரங்களும்

"ஏட்டி, ஒரு விஷயம் சொல்லுதேன். அம்மாட்ட சொல்லிராத."

தூத்துக்குடியிலிருந்து பெரியம்மா மகள் போனில் இப்படி ஆரம்பித்ததும், ஏதோ காதல் விவகாரம் என்றுதான் நினைத்தேன். அக்கா சொன்னது வேறு.

அக்கா பள்ளி ஆசிரியை. ஸ்கூட்டியில் போய் வரும் அரைமணி நேரம் அவளுக்கு நரகம். பிறப்புறுப்பின் உள் இதழ்கள் நீளமாக இருந்ததால், உட்காரும்போது மடங்கி உரசி, தோல் உரிந்து புண்ணாகிவிடும். எங்கள் ஊர் வெயிலும் வியர்வையும் சேர்ந்தால், சிறுநீர் கழிக்கவே பயம். பவுடர், தேங்காய் எண்ணெய், மெடிக்கலில் கூச்சத்தோடு வாங்கிய க்ரீம்... எல்லாம் பார்த்தாயிற்று. கல்லூரிக் காலத்திலிருந்தே இருந்த வலியை அன்றுதான் முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னாள்.

மதுரையில் ஒரு பெண் டாக்டரிடம் போனோம். உண்மையைச் சொன்னால், கூடப் போக எனக்கும் ஒரு காரணம் இருந்தது. வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். இன்ஸ்டாகிராமில் வரும் 'அந்தரங்க அழகு சிகிச்சை' விளம்பரங்களைப் பார்த்துப் பார்த்து, 'நமக்கும் ஏதும் கோளாறோ' என்ற சந்தேகம் ஒட்டிக்கொண்டிருந்தது.

டாக்டர் எடுத்ததும் ஆபரேஷன் பற்றிப் பேசவில்லை. பூஞ்சைத் தொற்றோ, தோல் நோயோ இருக்கிறதா என்று பரிசோதித்தார். வாசனை சோப்பு வேண்டாம், இறுக்கமான உடை வேண்டாம், பருத்தி உள்ளாடை போதும் என்று சில வாரங்கள் பார்க்கச் சொன்னார். அதன் பிறகும் உரசல் தீராததால்தான், உள் இதழ்களைக் குறைக்கும் 'லேபியாபிளாஸ்டி'க்கு நாள் குறித்தார்.

என் சந்தேகத்தையும் கேட்டேன். "வலி இருக்கா? உரசுதா? இல்லையே... அப்புறம் எதுக்கும்மா கத்தி?" என்றார். 2018-ல் சுவிட்சர்லாந்தில் 657 பெண்களை அளந்து வெளியான ஆய்வில், உள் இதழ்களின் நீளம் அரை சென்டிமீட்டரிலிருந்து 10 சென்டிமீட்டர் வரை இருந்திருக்கிறது. ஒரு பக்கம் பெரிதாக, மறுபக்கம் சிறிதாக, கறுப்பாக, சுருக்கமாக இருப்பதெல்லாம் இயல்புதான். வளர்ச்சி முடியாத 18 வயதுக்குட்பட்ட பெண்களுக்கு இந்த ஆபரேஷன் கூடாது என்பது பிரிட்டன் மருத்துவர்களின் நிலைப்பாடு. லேசர் மூலம் 'இளமையாக்கும்' சிகிச்சைகள் பற்றி அமெரிக்காவின் எஃப்.டி.ஏ 2018-லேயே எச்சரித்திருக்கிறது.

மாதவிடாய் முடிந்த வாரமாகப் பார்த்து, காலாண்டு விடுமுறையில் ஆபரேஷன் நடந்தது. ஒரு மணி நேரம்தான். அன்றே டிஸ்சார்ஜ். ஆனாலும் காரில் அவ்வளவு தூரம் உட்கார முடியாதென்று மதுரையிலேயே இரண்டு இரவு தங்கினோம். பிறகு பின் சீட்டில் ஒருக்களித்துப் படுத்தபடி ஊர் வந்து சேர்ந்தாள்.

முதல் மூன்று நாள்தான் கஷ்டம். வீக்கத்தைப் பார்த்து, "முன்னைவிடப் பெருசாயிட்டுடி" என்று அழுதாள். துணியில் சுற்றிய ஐஸை சிறிது நேரம் வைத்து எடுப்போம். சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் தெரியாமலிருக்க, குவளையால் வெதுவெதுப்பான நீரை ஊற்றிக்கொள்வாள். துடைக்கக் கூடாது, ஒற்றி எடுக்க வேண்டும். முக்கினால் தையலுக்கு ஆகாது என்பதால் கீரையும் பழமும் தண்ணீரும் நிறைய. அதிக ரத்தப்போக்கு, காய்ச்சல், துர்நாற்றம், சிறுநீர் அடைப்பு, இதில் எது வந்தாலும் உடனே வரச் சொல்லியிருந்தார்கள்.

இரண்டு வாரத்தில் வீக்கம் பெருமளவு வடிந்தது. தையல் சில வாரங்களில் தானே கரைந்தது. ஸ்கூட்டி, தாம்பத்தியம் இரண்டுக்கும் ஆறு வாரம் தடை. முழு வடிவம் தெரியவே சில மாதங்கள் ஆகுமாம். தையல் பிரிவது, தழும்பு வலி, உணர்ச்சி குறைவது போன்ற ஆபத்துகளும் உண்டு. வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது என்பதை டாக்டர் கையெழுத்து வாங்கும் முன்பே சொல்லிவிட்டார். அழகுக்காகச் செய்துகொண்டால் காப்பீடும் பொதுவாகக் கிடைக்காது.

நான்காம் நாளே பெரியம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. திட்டு விழும் என்று இருவரும் தலைகுனிந்து நின்றோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "உப்பளத்துல வேலை பாக்கும்போது எனக்கும் இப்படித்தான் எரியும். பொம்பளைன்னா எல்லாருக்கும் இருக்கும்னு நினைச்சு விட்டுட்டேன். இப்பவும் எரியத்தான் செய்யுது" என்றார்.

குணமானதும் அக்கா செய்த முதல் வேலை, பெரியம்மாவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஸ்கூட்டியில் கூட்டிப்போனதுதான். மாதவிடாய் நின்றபின் வரும் வறட்சியாம். கத்தி தேவைப்படவில்லை, க்ரீம் போதுமானதாக இருந்தது.

ஒரே வீட்டில் மூன்று பெண்கள். ஒருத்திக்கு ஆபரேஷன், ஒருவருக்கு மருந்து, எனக்கு எதுவுமே தேவையில்லை. டாக்டரிடம் வாய் திறக்கும் வரை இது எங்கள் யாருக்கும் தெரியாது.