தாதியும் ஆசிரியரே

மருத்துவம் என்பது நான்கு கூறுகளைக் கொண்டது எனத் திருவள்ளுவர் வகுத்தார். நோயுற்றவன், நோயைத் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிலிருந்து அம்மருந்தை அளிப்பவன் என்பன அந்நான்கு. திருக்குறளின் 95 ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’ இக்கருத்தோடுதான் நிறைவுறுகிறது. உரை கண்ட பரிமேலழகர், இவை ஒவ்வொன்றையும் மேலும் நான்காகப் பகுத்தார். அருகிருந்து பணி செய்பவனுக்கு நோயாளியிடம் அன்பு, மனம் மொழி மெய் என்னும் மூன்றின் தூய்மை, சொல்லியதைச் சொல்லியவாறே செய்யும் வல்லமை, அறிவு ஆகிய நான்கும் வேண்டும் என்பது அவர் கருத்து.

அந்த நான்காம் இடத்தில் இன்று நிற்பவர் தாதி. பரிமேலழகர் எண்ணிச் சொன்ன தகுதிகளுள் ஒன்றேனும் இன்று தேவையற்றுப் போய்விடவில்லை. ஆயினும், ஆண்டுக்கணக்கில் மனிதனோடு உடன் வாழும் நோய்கள் மலிந்துவிட்ட இக்காலத்தில், ஐந்தாவது தகுதி ஒன்றும் வேண்டப்படுகிறது. அதுவே கற்பிக்கும் திறன். இதயச் செயலிழப்பு என்னும் நோயுற்றோரைப் பேணுவதற்குத் தாதிமை மாணவர்கள் எவ்வாறு பயிற்றப்படுகின்றனர் என்பதை நோக்கினால் இவ்வுண்மை தெளிவாகும்.

முதற்கண் அந்நோயின் பெயரே ஓர் இடர்ப்பாடாக இருக்கிறது. ‘இதயச் செயலிழப்பு’ என்ற சொல்லைக் கேட்டவுடன், இதயம் நின்றுவிட்டது என்றோ, இன்றோ நாளையோ நின்றுவிடும் என்றோ நோயாளி அஞ்சுகிறார். வேறு சிலர் இதனை மாரடைப்பு என்றே எண்ணிக்கொள்கின்றனர். உண்மை அதுவன்று. மாரடைப்பு என்பது இதயத் தசைக்குக் குருதி கொண்டுசெல்லும் குழாய் அடைபடுவதால் திடீரென நேர்வது. இதயச் செயலிழப்போ, உடலுக்குத் தேவையான அளவு குருதியை இறைக்கும் ஆற்றல் இதயத்திற்குக் குறைந்துவிட்ட நிலை. நலமுள்ள மனிதரின் இதயம் ஓய்வாக இருக்கும்போதும் நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லிட்டர் குருதியை இறைக்கிறது. முன்னர் வந்த மாரடைப்பு, நெடுநாள் கவனியாது விட்ட உயர் இரத்த அழுத்தம், இதய வால்வுகளின் பழுது போன்றவற்றால் அத்தசை தளரும்போது, இறைப்பு குன்றுகிறது. குருதி போதவில்லை என்று உணரும் சிறுநீரகம், உப்பையும் நீரையும் வெளியேற்றாமல் சேமித்து வைக்கிறது. அந்நீர் நுரையீரலில் தேங்கினால் மூச்சு முட்டும். காலில் தேங்கினால் கால் வீங்கும். ஓய்ந்த மாடு நுகத்தை உதறவில்லை, சுமையைக் குறைத்தால் இன்னும் இழுக்கும் என்று ஒரு தாதி எளிமையாகச் சொல்லத் தெரிந்திருந்தால், நோயாளியின் அச்சத்திற் பாதி அப்போதே நீங்கிவிடும்.

தாதிமை மாணவர் கற்கும் முதற்பாடம் கூர்ந்து நோக்குதல். 1860 ஆம் ஆண்டில் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் தாதியர் பயிற்சிப் பள்ளி தோன்றக் காரணமாயிருந்த பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார், இப்பாடத்தைப் பெரிதும் வலியுறுத்தியவர். “இரவு நன்றாகக் கழிந்ததா?” என்பது போன்ற கேள்விகளை அவர் தம் நூலில் கடிந்துரைக்கிறார். அத்தகைய கேள்விக்கு வரும் விடையால் எதுவும் விளங்காது. எத்தனை மணி நேரம், எந்தெந்த வேளையில் நோயாளி உறங்கினார் என்று கேட்பதே முறை என்பது அவர் துணிபு.

இதயச் செயலிழப்பு நோயாளியிடம் இவ்வறிவுரை அப்படியே பொருந்துகிறது. “மூச்சுவிடச் சிரமமா, ஐயா?” என்று கேட்டால், மருத்துவரையும் தாதியையும் தொல்லைப்படுத்த விரும்பாத முதியவர், “இல்லையம்மா, நன்றாகத்தான் இருக்கிறேன்” என்று சொல்லிவிடுவார். “எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்?” என்று கேட்டால் உண்மை வெளிப்படும். சென்ற மாதம் ஒன்று, இந்த மாதம் மூன்று என்றால், சமமாகப் படுக்கும்போது நுரையீரலில் நீர் சேர்ந்து மூச்சு முட்டுகிறது என்பது பொருள். நடு இரவில் மூச்சுத் திணறி எழுந்து சன்னலோரம் அமர்ந்தாரா, கடைக்குப் போகும் வழியில் எங்கே நிற்க வேண்டியிருக்கிறது, செருப்பின் வார் இறுக்குகிறதா என்னும் வினாக்களும் இத்தகையனவே. முழங்காலின் கீழ் எலும்பின்மேல் விரலால் சில நொடிகள் அழுத்தி எடுத்தால் குழி நிற்கிறதா என்று பார்க்கவும், சாய்ந்து படுத்திருப்பவரின் கழுத்து நரம்பு புடைத்திருக்கிறதா என்று காணவும் மாணவர் கற்கின்றனர். படுக்கையை விட்டு எழாத நோயாளிக்கு வீக்கம் காலில் தோன்றாமல், இடுப்பின் பின்புறத்தில் மறைந்திருக்கும். அங்கே தொட்டுப் பார்க்கத் தெரிந்தவரே தேர்ந்த தாதி.

இரண்டாம் பாடம் செய்திறன். காலைக்கடன் முடித்து, உணவு உண்பதற்கு முன், ஒரே நேரத்தில், ஒரே வகை உடையில், ஒரே கருவியில் எடை பார்த்தல் சிறு வேலையாகத் தோன்றலாம். ஆனால் ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோகிராம் என்பது ஆரம்பப் பள்ளி மாணவரும் அறிந்த செய்தி. மூன்று நாளில் ஒருவருக்கு 2 கிலோ எடை ஏறினால் அது சோற்றாலும் கறியாலும் ஏறிய எடையன்று. உடலுக்குள் தேங்கிய நீரின் எடை. கால் வீங்குவதற்கும் மூச்சு முட்டுவதற்கும் முன்பே எடைக்கருவி அதனை அறிவித்துவிடக்கூடும். அருந்திய நீரையும் கழித்த சிறுநீரையும் அளந்து எழுதுவதும் இத்தகையதே. மனம்போனபடி எழுதிய ஓர் எண், மருந்தின் அளவையே தவறாக்கிவிடும்.

மருந்தளித்தலிலும் நுணுக்கம் உண்டு. நீர் பிரியச் செய்யும் மாத்திரையைக் காலையில் கொடுக்காமல் இரவில் கொடுத்தால், நோயாளி இருட்டில் பலமுறை எழுந்து குளியலறைக்கு நடப்பார். விழுந்து எலும்பு முறிய அதுவே காரணமாகலாம். இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் விதரிங், ஒரு மூதாட்டியின் வீட்டு மருந்திலிருந்து டிஜிட்டாலிஸ் செடியின் ஆற்றலைக் கண்டறிந்து 1785 ஆம் ஆண்டில் நூல் எழுதினார். அம்மருந்து மிகுந்தால் வாந்தி வரும், நாடி மெதுவாகும், கண்ணுக்குப் பொருள்கள் மஞ்சளாகத் தோன்றும் என்பதையும் அவரே குறித்து வைத்தார். அவ்வினத்துச் செடியிலிருந்து கிடைக்கும் டிஜாக்சின் இன்றும் சிலருக்குக் கொடுக்கப்படுகிறது. அதனைக் கொடுக்குமுன் இதயத் துடிப்பை முழுமையாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். 60 க்குக் குறைந்தால் மருந்தை நிறுத்தி வைத்து மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும் என்று மாணவர் பயிற்றப்படுகின்றனர். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குவது கணக்குப் பாடத்திற்குச் சரி. சீரற்றுத் துடிக்கும் இதயத்திற்குச் சரியாகாது.

இவ்விரு பாடங்களையும் நன்கு கற்ற மாணவருக்கும் மூன்றாம் பாடம் கடினமாக இருக்கிறது. இதயச் செயலிழப்பு நோயாளி மருத்துவமனையில் இருப்பது சில நாள். வீட்டில் இருப்பது எஞ்சிய நாள் எல்லாம். அங்கே அவருக்குத் தாதி யார்? அவரே; அல்லது அவருடைய மனைவி, மருமகள், பேரன். ஆகவே, தாதி தாம் அறிந்ததை அவர்களிடம் ஒப்படைத்தாக வேண்டும். ஒப்படைப்பதற்கு உரிய ஒரே வழி கற்பித்தல்.

வீடு திரும்பும் நாளில் நோயாளி கூடத்தில் நடப்பதை எண்ணிப் பார்க்கலாம். மாணவி ஒருத்தி கையில் தாளை வைத்துக்கொண்டு, உப்பைக் குறைக்கவும், நீரை அளந்து பருகவும், எடை பார்க்கவும், மாத்திரையை விடாமல் உண்ணவும் என்று மடமடவென ஒப்பிக்கிறாள். கட்டிலில் அமர்ந்திருக்கும் மூதாட்டி ஒவ்வொன்றுக்கும் தலையசைக்கிறார். “விளங்கியதா, பாட்டி?” “விளங்கியது, கண்ணு.” பாடம் முடிந்தது. உண்மையில் அது தொடங்கவேயில்லை. வகுப்பில் நாற்பது தலைகள் ஒருங்கே அசைவதைக் கண்ட எந்த ஆசிரியரும் தலையசைப்பை விளக்கத்திற்குச் சான்றாகக் கொள்ளமாட்டார்.

நல்ல பயிற்றுநர் இங்கேதான் குறுக்கிடுகிறார். கற்பித்ததை நோயாளியின் சொல்லிலேயே திரும்பச் சொல்லச் செய்யும் முறையை மாணவிக்குக் காட்டுகிறார். “பாட்டி, நான் சரியாகச் சொன்னேனா என்று பார்க்க வேண்டும். நாளைக் காலை எழுந்ததும் என்ன செய்வீர்கள் என்று சொல்லுங்கள்” என்று கேட்கும்போது, சோதனை நோயாளிக்கன்று, கற்பித்தவருக்கே என்பது புலப்படுகிறது. மூதாட்டியும் கூச்சமின்றிப் பேசுவார். எடை ஏறினால் என்ன செய்வது என்று கேட்டால், “நன்றாகத் தேறி வருகிறேன் என்று மகிழ்வேன்” என்று அவர் சொல்லவும் கூடும். தலையசைப்புக்குள் ஒளிந்திருந்த அத்தவறு அப்போதுதான் வெளியே வருகிறது. இவ்வுரையாடலை வகுப்பறையிலேயே ஒருவர் நோயாளியாகவும் ஒருவர் தாதியாகவும் நடித்துப் பழகிய பின்னரே மாணவர் கட்டிலருகே செல்வது நன்று.

உப்பைப் பற்றிய பாடமும் இவ்வாறே. “உப்பைக் குறையுங்கள்” என்றால், “குழம்புக்கு நான் உப்பே போடுவதில்லை” என்று விடை வரும். ஆனால் ஊறுகாய், அப்பளம், கருவாடு, பெலாச்சான், சோயா சாஸ், பொட்டலத்து மீ ஆகியவற்றை அவர் உப்பென்று எண்ணுவதில்லை. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு வேண்டும் என்பது பெரியவர்களுக்கு உலகச் சுகாதார நிறுவனம் கூறும் அளவு. அது ஒரு சிறு தேக்கரண்டி. ஆகவே தாதி, உப்பு என்ற சொல்லை விட்டுவிட்டு, “நேற்றுக் காலையிலிருந்து என்னென்ன உண்டீர்கள்?” என்று சமையலறைக்குள் நுழைந்து கேட்கப் பழக வேண்டும். உப்புக்கு மாற்றாகக் கடையில் விற்கும் பொருள்களுள் பலவற்றில் பொட்டாசியம் இருக்கிறது. இந்நோய்க்குரிய மருந்துகள் சிலவற்றோடு சேர்ந்தால் அது குருதியில் மிகுந்து இதயத் துடிப்பையே கெடுக்கும். மூட்டு வலிக்குத் தாமே வாங்கி உண்ணும் வலிநிவாரணி மாத்திரைகளுள் பல, உடலில் நீரைத் தேக்கி நோயை முற்றச் செய்யும். கேட்டால் ஒழிய, இவற்றை நோயாளி தாமாகச் சொல்லமாட்டார்.

இவ்வாறு கற்பிப்பதால் உண்மையில் பயன் விளைகிறதா? 1995 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் மைக்கேல் ரிச் என்னும் மருத்துவரும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை கூறுகிறது. 70 வயதும் அதற்கு மேலும் ஆன 282 நோயாளிகள் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் வழக்கமான சிகிச்சை பெற்றனர். மறு பிரிவினருக்குத் தாதியின் தலைமையில் நோய் விளக்கமும், உணவு அறிவுரையும், மருந்துச் சீராய்வும், வீடு திரும்பிய பின் தொடர்கவனிப்பும் கிடைத்தன. அடுத்த 90 நாளில் இதயச் செயலிழப்பால் மீண்டும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட நிகழ்ச்சிகள் முதற்பிரிவில் 54. இரண்டாம் பிரிவில் 24. புதுமருந்து எதுவும் அங்குக் கண்டுபிடிக்கப்படவில்லை. இருந்த மருந்து, தெரிந்த செய்தி, கற்பிக்கத் தெரிந்த ஒரு தாதி. இவையே அவ்வேறுபாட்டை உண்டாக்கின.

கற்பித்தல் என்றால் மொழி அங்கே முன்வந்து நிற்கும். மலேசியா, சிங்கப்பூர் போன்ற பன்மொழி நாடுகளில், தாதியின் மொழி ஒன்றாகவும் நோயாளியின் மொழி வேறாகவும் இருப்பது இயல்பு. தோட்டப்புறத்தில் வாழ்ந்து தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த முதியவருக்குப் பள்ளி செல்லும் பேரப்பிள்ளை மொழிபெயர்ப்பாளனாகிறான். மூத்திரம், மலச்சிக்கல், சாவச்சம் பற்றியெல்லாம் தாத்தா அச்சிறுவன் வாயிலாக எவ்வாறு பேசுவார்? பேசாமல் விடுவதே அவருக்கு எளிது. ‘மூச்சு முட்டுது’, ‘நெஞ்சு படபடங்குது’, ‘கால் கனக்குது’ என்னும் மூன்று தொடர்களின் பொருளை மலாய், சீன மாணவரும் அறிந்து வைத்திருந்தால் அதுவே ஒரு சிகிச்சைதான். தமிழ் மாணவருக்கோ கடமை இன்னும் பெரிது. ஆங்கிலத்தில் கற்ற நோயியலை, பாட்டிக்கு விளங்கும் தமிழில் கலப்பின்றிச் சொல்லும் ஆற்றலை அவர் கல்லூரிக்குச் சென்று பெற முடியாது. தமிழ்ப்பள்ளியிலேயே பெற்றிருக்க வேண்டும்.

தமிழாசிரியர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் இது. தமிழ் கற்பதால் என்ன பயன் என்று வினவும் பெற்றோருக்கு இலக்கியத்தின் பெருமையைச் சொல்வது முறையே. அதனோடு, உயிர் காக்கும் ஒரு செய்தியை உரியவருக்கு உரிய நேரத்தில் விளங்கச் சொல்ல உதவும் பயனையும் சொல்லலாம். விளக்கவுரை எழுதுதல், செய்முறை கூறுதல், வினா தொடுத்தல் ஆகிய பயிற்சிகளுக்கு எடை பார்க்கும் முறையும், மருந்துறையைப் படித்துச் சொல்லுதலும் பாடப்பொருளாகலாம். இன்று வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவியருள் சிலர் நாளை வெண்சீருடை அணிந்து கட்டிலருகே நிற்பர்.

இதயச் செயலிழப்பு பெரும்பாலும் முற்றிலும் நீங்குவதில்லை. எனினும், நன்கு கற்பிக்கப்பட்ட நோயாளி பல ஆண்டுகள் தம் வீட்டில், தம் மக்களோடு, தம் காலில் நடந்து வாழ இயலும். மருத்துவர் மருந்தைத் தருகிறார். அம்மருந்தோடு வாழும் முறையைத் தாதி தருகிறார். அத்தாதிக்கு அதனைச் சொல்லும் மொழியைத் தந்தவர் ஒரு தமிழாசிரியராக இருப்பாராயின், அவர் பணி வகுப்பறையின் நான்கு சுவர்களுக்குள் முடிந்துவிடவில்லை என்பது திண்ணம்.