ஊஞ்சலும் ஒரு நகல் மனுவும்

போன குளிர்காலத்தில் ஒரு காலை, மேடிசனில் வாசல் பனியை அள்ளிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வேலி ஓரமாக வந்து, "வேகமாக ஓட்டி மாட்டிக்கொண்டீர்களாமே" என்றார். நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இங்கே இல்லை. விஸ்கான்சின் மாநிலத்துக் கோர்ட் பதிவுகள் 1999 முதல் இணையத்தில் திறந்து கிடக்கின்றன. பெயரைத் தட்டினால் அபராதச் சீட்டு, கடன் வழக்கு, விவாகரத்து, வாடகை பாக்கிக்கு வீட்டைக் காலி செய்ய வைத்தது எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். வீடு வாடகைக்கு விடுகிறவர் பார்ப்பார். புதிதாக ஒருவரோடு பழகப் போகிற பெண்ணும் பார்ப்பாள். எதற்கு என்று கேட்க ஆளில்லை.

எங்கள் ஊரான கோவிலூரில் இந்த வேலையை ஊர் வாயே செய்துவிடும். கொற்றவாளீஸ்வரர் கோயில் குளத்தங்கரையில் நின்று கேட்டால் எங்கள் பாகப்பிரிவினை வழக்கை வாய்தா வாய்தாவாகச் சொல்லுவார்கள். அப்பாவின் அண்ணனான பெரியப்பச்சி ஏமாற்றி வாங்கிக்கொண்டார், பர்மா தேக்கு ஊஞ்சலைக்கூட விடவில்லை என்று கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். அந்த வழக்கின் டிக்ரியை மட்டும் எங்கள் வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

அப்பச்சி, அதாவது அப்பா, போன பிறகு, எங்கள் வளவு வீட்டில் எங்கள் பங்குக்கு ஓடு மாற்ற வேண்டி வந்தது. எது எங்கள் பங்கு என்று காட்டக் காகிதம் வேண்டும். இந்தியக் கோர்ட்டுகளின் இ-கோர்ட்ஸ் தளத்தில் தேடினேன். வழக்குக்குப் பதினாறு இலக்க எண் ஒன்று உண்டு. இல்லையென்றால் பெயரும் ஆண்டும் கொடுக்கலாம். அண்மைக் கால வழக்குகளுக்கு அது அருமையான வசதி. எங்களுடையதோ காகிதக் கட்டாகக் கட்டி வைத்த பழைய வழக்கு. வக்கீல் குமாஸ்தா ஒருவரைப் பிடித்து, வாரிசுச் சான்றிதழோடு நகல் மனு போட்டோம். கட்டைத் தேடி எடுக்கவே மூன்று மாதம்.

நானாவது வழக்காடியவரின் மகன். அந்தப் பங்கை விலைக்கு வாங்க வருகிற வெளியாள் என்றால், தனக்கு ஏன் வேண்டும் என்று அபிடவிட் போட்டுக் கோர்ட் அனுமதி வாங்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தைக் காட்டி இப்படிப்பட்ட விதியைத் தாண்ட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் சொல்லிவிட்டது. எனக்கு இதில் சம்மதமில்லை. திறந்த கோர்ட்டில் வாசித்த தீர்ப்பைப் பார்க்கக் காரணம் எதற்கு?

காத்திருந்த மாதங்களில் வேடிக்கையாக ஒன்று நடந்தது. சிவகங்கை ஜமீன் வழக்கில் ராணி கட்டம நாச்சியாருக்குச் சாதகமாக லண்டன் பிரிவி கவுன்சில் 1863இல் கொடுத்த தீர்ப்பை, மேடிசனில் போர்வைக்குள் படுத்தபடி காசு கொடுக்காமல் படித்து முடித்தேன். ஜமீன் அவர் அப்பா சம்பாதித்த தனிச் சொத்தா, குடும்பப் பொதுச் சொத்தா என்பதுதான் அதில் சிக்கல். ராணியின் சொத்துக் கணக்கு என் கைக்குள் வந்துவிட்டது. எங்கள் ஊஞ்சல் வரவில்லை.

ஆனாலும் அந்த அபராதச் சீட்டு உறுத்துகிறது. என்னுடையது அற்பம். இங்கே தள்ளுபடியான வழக்கும் சில காலம் பெயரோடு கிடக்கும். வேலை தேடிப் போகிறவனுக்கு அது சுமை. நம் பக்கத்து மேல்முறையீடுகள் போகிற சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, விடுதலையான ஒருவர் கேட்டதற்கு இணங்க, அவர் வழக்கின் தீர்ப்பை எடுத்துவிடும்படி, தீர்ப்புகளை வெளியிடும் இந்தியன் கானூன் தளத்துக்கு 2024 பிப்ரவரியில் சொன்னது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. சொத்து வழக்குக் கட்டைத் திறந்து வை என்று கேட்கிற நான், அந்த மனிதர் இடத்தில் இருந்தால் என்ன கேட்டிருப்பேன் என்று நிச்சயமாகச் சொல்ல வரவில்லை.

நகல் வந்தது. அண்ணன் வாட்ஸப்பில் பக்கம் பக்கமாக அனுப்பினார். அது ராஜி டிக்ரி. யாரும் யாரையும் தோற்கடிக்கவில்லை. எல்லாரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், அப்பச்சியும்தான். சொத்து விவரத்தில் தவலை, அண்டாவுக்குக் கீழே, ஊஞ்சல் பெரியப்பச்சி பங்கில் எழுதியிருக்கிறது.

ஆத்தாவுக்குப் படித்துக் காட்டச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "பேப்பர்ல என்ன வேணாலும் எழுதுவாக" என்று சொல்லி எழுந்து போய்விட்டாளாம்.